பங்குக் கிணற்று நீர் கெட்டால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மாரியில் பெய்வது செம்மண் வழியே இறங்கிச் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் தேங்குகிறது. அதையே குடிக்கிறோம், அதையே தோட்டத்துக்கு இறைக்கிறோம், கழிவையும் அதே மண்ணுக்குள் விடுகிறோம். குடாநாட்டின் வலிகாமம் பகுதியில் பல வீடுகள் பங்கு வைத்து அள்ளும் பங்குக் கிணறுகளில் ஆண்டுதோறும் அதே நாலைந்து கோளாறுகள்தான் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு முறையும் பங்காளர்கள் முதலில் கேட்பது, "கிணற்றை இறைத்துச் சேறு எடுப்போமா, இன்னும் ஆழப்படுத்துவோமா?" என்றுதான். சேறு எடுப்பதற்கும் ஆழப்படுத்துவதற்கும் செலவழித்த பிறகும் கோளாறு போகாத கிணறுகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கோளாறு பெரும்பாலும் கிணற்றுக்குள் இருப்பதில்லை. சுற்றியுள்ள நூறு அடி நிலத்தில் இருக்கிறது.

தொடங்கும் முன் ஒன்று. கொதிக்க வைப்பது கிருமியை மட்டுமே கொல்லும். உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் நீரில் கலக்கும் நைத்திரேற்று, உப்பு, எண்ணெய் மூன்றும் கொதித்தாலும் போகா. நீர் ஆவியாகக் குறையக் குறைய நைத்திரேற்றும் உப்பும் செறிவடையும். எனவே எந்த அறிகுறி என்று பார்த்துவிட்டு அடுப்பை மூட்டுங்கள்.

அறிகுறி 1: மழை பெய்து ஒன்றிரண்டு நாளில் நீர் கலங்குகிறது, மணக்கிறது

மேற்பரப்பு நீர் மண்ணில் வடியாமல் நேராகக் கிணற்றுக்குள் போகிறது. எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் செலவில்லாத சோதனை. மழை விட்ட மறுநாள், வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில், முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கிணற்றுக் கட்டில் வைத்துச் சூரிய ஒளியை உள்ளே திருப்புங்கள். ஒளி வட்டத்தைக் கட்டின் அடியிலிருந்து நீர்மட்டம் வரை மெதுவாக இறக்கி, ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். நீர்மட்டத்துக்கு மேலே சுவர் வறண்டு வெளிர்நிறமாக இருக்க வேண்டும். எங்காவது ஒரு பக்கத்தில் மட்டும் நாக்கு நீட்டியதுபோல் கறுப்பு ஈரம் இறங்கியிருந்தால், பாசி பச்சையாகப் பிடித்திருந்தால், கல்லிடுக்கில் வேர் எட்டிப் பார்த்தால், அதுதான் வாசல். அந்தத் திசையில் நிலத்தில் என்ன இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

ஈரம் கட்டின் உடனடி அடியில் தொடங்கினால்: சுற்றியுள்ள சீமெந்துத் தளம் வெடித்திருக்கிறது. குளித்த நீர், துணி துவைத்த நீர், மழைநீர் எல்லாம் அந்த வெடிப்பால் இறங்குகின்றன. வெடிப்பை வெட்டித் திறந்து சாந்து பூசுங்கள். தளம் கிணற்றிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும். ஒரு குடம் நீரை ஊற்றிப் பாருங்கள். கட்டை நோக்கி வந்தால் தளத்தைப் புதிதாகப் போட வேண்டும்.

தளம் நன்றாக இருந்தும் நீர் கலங்கினால்: ஒழுங்கையிலோ தோட்டத்திலோ ஓடும் வெள்ளம் கட்டில் மோதுகிறதா என்று மழை பெய்யும்போதே குடையோடு போய்ப் பாருங்கள். மண் அணை ஒன்று போட்டு வெள்ளத்தைத் திருப்புவது அரைநாள் வேலை.

இரண்டும் இல்லையென்றால் பக்கத்தில் பாழ்கிணறு இருக்கிறதா என்று விசாரியுங்கள். இதை யாரும் முதலில் நினைப்பதில்லை. இடம்பெயர்ந்து போனவர்களின் வளவுகளில் எத்தனையோ கிணறுகள் பற்றைக்குள் கிடக்கின்றன. குப்பை, இறந்த நாய், காலாவதியான மருந்துப் போத்தல் என்று எல்லாம் அவற்றுக்குள் போகின்றன. மண்ணில் புதைத்தாலாவது கொஞ்சம் வடிகட்டப்படும். பாழ்கிணற்றில் போட்டது எந்த வடிப்பும் இல்லாமல் அதே நிலத்தடி நீரில் விழுகிறது. குப்பையை வெளியே எடுத்து, வாயைக் கொங்கிரீட் மூடியால் மூட வேண்டும். குப்பையோடு சேர்த்து மண்ணால் நிரப்பிவிடுவது திருத்தம் ஆகாது. ஆழமான பாழ்கிணற்றுக்குள் ஆளை இறக்கவே வேண்டாம். உள்ளே நச்சுவாயு தேங்கியிருக்கலாம். அந்த இடத்தில் பிரதேச சபையை அழையுங்கள்.

வாசலை அடைத்த பிறகுதான் குளோரின். அடைக்காமல் போட்டால் அடுத்த மழையோடு பலன் போய்விடும். அளவுக்குக் கணக்கு இப்படி: கிணறு 3 மீற்றர் விட்டம், நீர் 3 மீற்றர் ஆழம் என்றால் ஏறத்தாழ 21,000 லீற்றர். குளோரின் தரும் நல்ல வெளிற்றும் தூள் 1,000 லீற்றருக்கு 2.5 கிராம் என்ற கணக்கில் சுமார் 53 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிய விட்டு, தெளிந்த மேல்நீரை மட்டும் வேறொரு வாளியில் எடுத்துக் கிணற்றில் இறக்கி, மேலும் கீழுமாக ஆட்டிக் கலக்குங்கள். இரவில் போட்டால் காலை வரை யாரும் அள்ளமாட்டார்கள். நீர் கலங்கலாக இருந்தால் இந்த அளவு போதாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டு, எஞ்சிய குளோரினை அளந்த பிறகே குடியுங்கள்.

அறிகுறி 2: நீர் தெளிவாக இருக்கிறது, ஆனால் பங்காளர் வீடுகளில் மாறி மாறி வயிற்றோட்டம்

இதற்குப் பெரும்பாலும் மலசலகூடக் குழிதான் காரணம். தெளிந்த நீரைப் பார்த்து ஏமாறக்கூடாது.

ஒரு வீட்டில் மட்டும் நோய் என்றால் கிணற்றை விட்டுவிட்டு அந்த வீட்டுத் தொட்டியையும் குடத்தையும் வாளிக் கயிற்றையும் பாருங்கள். மேல்தொட்டியின் மூடி காற்றில் போய்விட்டதா, உள்ளே பல்லி, காக்கை எச்சம் இருக்கிறதா என்று ஏறிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

ஒரே கிணற்றில் அள்ளும் பல வீடுகளில் நோய் என்றால் நீரைச் சோதிக்க வேண்டும். கிருமிச் சோதனைக்கான போத்தல் கிருமிநீக்கம் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். அதைக் கழுவாதீர்கள், மூடியின் உட்பக்கத்தைத் தொடாதீர்கள், ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொடுத்துவிடுங்கள். 100 மில்லிலீற்றர் நீரில், மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலி என்ற பற்றீரியா ஒன்றுகூட இருக்கக்கூடாது. இருந்தால், முடிவு வந்த அன்றிலிருந்து கொதித்தாறிய நீர் மட்டும்.

பிறகு அளவு நாடாவை எடுங்கள். கிணற்றிலிருந்து எல்லாத் திசையிலும் ஒவ்வொரு மலசலகூடக் குழிக்கும் எத்தனை அடி என்று அளந்து ஒரு தாளில் வரையுங்கள். வேலிக்கு அப்பாலுள்ள குழிகளையும் சேர்க்க வேண்டும். நம் வளவுக் குழியைக் கிணற்றிலிருந்து தள்ளி வைக்கிறோம். அது அடுத்த வளவின் கிணற்றுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. காணிகள் துண்டு துண்டாகப் பிரிய இது கூடிக்கொண்டே வருகிறது. ஆகக் குறைந்தது 50 அடி என்று ஊரில் சொல்வார்கள். மணலில் அது ஓரளவு காக்கும். எங்கள் சுண்ணாம்புக்கல்லில் வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் நீர் ஓடும். 50 அடி தள்ளியிருந்தும் கெட்ட கிணறுகள் உண்டு.

தூரம் போதுமென்று தோன்றினால் குழி நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள். அதை இறைக்கப் பவுசரை அழைப்பது அடுத்த படி. "எங்கள் குழி இருபது வருடமாக நிரம்பவே இல்லை" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்டால்தான் பயம். நிரம்பாத குழிக்கு அடியில் வெடிப்பு இருக்கிறது என்றுதான் அர்த்தம்; இருபது வருடத்துக் கழிவும் நிலத்தடி நீருக்குப் போயிருக்கிறது.

அப்படிப்பட்ட குழிக்கும், இடம் மாற்ற வழியில்லாத சிறிய காணிக்கும் ஒரே தீர்வு, அடிப்பக்கமும் சீமெந்தால் அடைத்த கசியாத தொட்டி. செலவு அதிகம், அடிக்கடி பவுசர் கூப்பிட வேண்டும். ஆனாலும் வேறு வழி இல்லை. எந்தக் குழியிலிருந்து வருகிறது என்பதில் தகராறு என்றால் நீரில் நிறம் கலந்து தொடரும் சோதனை இருக்கிறது. அதை நிபுணரே செய்ய வேண்டும். கடையில் வாங்கிய சாயத்தைக் குழியில் கொட்டிப் பார்ப்பதால் ஒன்றும் நிரூபிக்க முடியாது.

அறிகுறி 3: அறிகுறியே இல்லை, ஆனால் கிணறு தோட்டத்துக்கு நடுவே இருக்கிறது

நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. நோய் வரும்வரை காத்திருந்தால் அது கைக்குழந்தைக்குத்தான் முதலில் வரும். இதை எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். இங்கே கிணறுகளில் நைத்திரேற்று மிகையாக இருப்பதை ஆய்வாளர்கள் 1980களிலேயே எழுதிவிட்டார்கள்.

இலங்கைக் குடிநீர் நியமத்திலும் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலிலும் எல்லை ஒன்றே: லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. சில ஆய்வுகூடங்கள் நைத்திரேற்றாகச் சொல்லாமல் அதிலுள்ள நைதரசனாக அறிக்கை தரும். அப்போது எல்லை ஏறத்தாழ 11. அறிக்கையில் 20 என்று இருந்தால் எந்தக் கணக்கில் 20 என்று கேட்காமல் நிம்மதியடையாதீர்கள்.

வீட்டில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் குழந்தை இருந்தால்: அறிக்கை வரும்வரை அந்தக் கிணற்று நீரில் பால்மா கரைக்க வேண்டாம். உதடும் நகமும் நீலம் பாரித்தால் அன்றே வைத்தியசாலை. கொதிக்க வைத்துக் கொடுத்தேன் என்று தாய் சொல்வார். நைத்திரேற்று இன்னும் கூடித்தான் இருக்கும்.

மாதிரியை இரண்டு முறை எடுங்கள்: புரட்டாதியில் மழைக்கு முன் ஒன்று, ஐப்பசி மழை நன்றாக இறங்கிய பின் கார்த்திகையில் ஒன்று. கோடை முழுவதும் மண்ணில் சேர்ந்த உரம் முதல் மழையோடுதான் இறங்கும். கோடை அறிக்கையை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும்.

நைத்திரேற்று மிகை, ஈ.கோலியும் இருக்கிறது என்றால்: மலசலகூடக் குழியையோ மாட்டுப் பட்டியையோ முதலில் சந்தேகப்படுங்கள், அறிகுறி 2க்குப் போங்கள்.

நைத்திரேற்று மிகை, ஈ.கோலி இல்லை, சுற்றிலும் வெங்காயம், புகையிலை, உருளைக்கிழங்கு என்றால்: உரம்தான் முதல் சந்தேகம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 கிலோ யூரியா மூட்டையில் 46 வீதம், அதாவது 23 கிலோ நைதரசன். அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் வேருக்குத் தப்பி இறங்கினால் ஏறத்தாழ 10 கிலோ நைத்திரேற்று. சுத்தமான நீர் இரண்டு லட்சம் லீற்றரை எல்லைக்குக் கொண்டுபோக அது போதும். மேலே சொன்ன அளவுள்ள கிணறு ஒன்பதோ பத்தோ நிரம்பும் நீர் அது.

செலவில்லாத முதல் திருத்தம் எருக்குவியலை நகர்த்துவது. கிணற்றடியில் கொட்டிய மாட்டெருவைத் தள்ளி, சீமெந்துத் தளத்தில் குவித்து, மாரிக்கு முன் மூடுங்கள். மருந்து தெளிக்கும் கருவியைக் கிணற்றடியில் கழுவுவதையும் அன்றே நிறுத்துங்கள்.

அடுத்தது இறைப்பு. இறைத்த மறுநாள் வெங்காயப் பாத்தியில் மண்வெட்டியால் ஒன்றரை அடி வெட்டிப் பாருங்கள். வெங்காய வேர் பெரும்பாலும் ஒரு அடிக்குள் நின்றுவிடும். அதற்குக் கீழேயும் மண் சொதசொதவென்று இருந்தால் வேர் குடித்து மிஞ்சியது உரத்தையும் கூட்டிக்கொண்டு கிணற்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இறைப்பைக் குறைத்தாலே உரம் மிச்சமாகும்; இதை விவசாயிக்கு மண்ணை வெட்டிக் காட்டிச் சொன்னால் ஏற்றுக்கொள்வார், வாயால் சொன்னால் ஏற்கமாட்டார்.

மூன்றாவது, உரத்தைப் பிரித்துப் போடுவது. ஒரே தடவையில் போடாமல் பயிரின் வயதுக்கேற்ப இரண்டு மூன்று தடவையாகப் போடுங்கள். மழை வருவதற்கு முதல்நாள் போடவே வேண்டாம். எவ்வளவு என்று அடுத்த தோட்டக்காரரைக் கேட்காமல் மண்ணைச் சோதித்து விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள்.

இவை எல்லாம் செய்தாலும் நைத்திரேற்று ஒரு மாரியில் இறங்காது. அதுவரை குடிநீருக்கு வேறு கிணறு பார்க்க வேண்டும். சுற்றியுள்ள கிணறுகள் எல்லாமே எல்லையைத் தாண்டினால் இது வீட்டுப் பிரச்சினை அல்ல. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் கூட்டாக எழுத்தில் கேளுங்கள். வீட்டு வடிகட்டிகளில் எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் இயங்குபவை நைத்திரேற்றைக் குறைக்கும்; சாதாரண மெழுகுதிரி வடிகட்டி குறைக்காது.

அறிகுறி 4: பங்குனிக்குப் பிறகு நீர் சவர்க்கிறது (உப்புக் கரிக்கிறது)

நன்னீர் இங்கே கடல்நீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் 1 அடி இறங்கினால் கீழேயிருந்து உப்புநீர் ஏறத்தாழ 40 அடி வரை எழும்பலாம். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது பலருக்குத் தெரியும். உங்கள் கிணற்றிலும் அதே ஏற்பாடுதான், சிறிய அளவில்.

சோதனைக்கு மூன்று போத்தல் போதும். விடியுமுன் யாரும் அள்ளாத நேரத்தில் மேல்நீர் ஒன்று. அடிநீர் ஒன்று: போத்தலில் கல்லைக் கட்டி, தக்கையில் வேறொரு நூலைக் கட்டி இறக்கி, அடியில் தொட்டதும் நூலைச் சுண்டித் தக்கையைக் கழற்றினால் அடிநீர் நிரம்பும். மூன்றாவது, ஒரு மணி நேரம் நீர்ப்பம்பி ஓடியபின். ஆய்வுகூடத்தில் குளோரைட்டு அளவைக் கேளுங்கள். எல்லை லீற்றருக்கு 250 மில்லிகிராம்.

மேல்நீர் நன்றாக இருந்து, பம்பி ஓடியபின் மட்டும் சவர்த்தால்: இறைப்பின் வேகம்தான் காரணம். சிறிய பம்பியால், இடைவெளி விட்டு, பல தடவையாக இறையுங்கள். உறிஞ்சும் குழாயை அடியிலிருந்து மேலே உயர்த்துங்கள். அந்தக் காலத்தில் பங்காளர்கள் நாள் முறை வைத்து இறைத்தார்கள். துலாவால் கிணற்றை ஒரே நாளில் வறளச் செய்யவும் முடியவில்லை. அந்த முறையை எழுதித் திரும்பக் கொண்டுவாருங்கள்.

மூன்று போத்தலிலும் சவர் என்றால்: சுற்றிலும் குழாய்க்கிணறு புதிதாகத் தோண்டினார்களா என்று விசாரியுங்கள். தூர்ந்த குளமோ மண்போட்டு நிரப்பிய கேணியோ இருக்கிறதா என்றும் பாருங்கள். மாரி நீர் நிலத்துக்குள் இறங்கும் வாய்களை அடைத்துவிட்டால் கோடையில் உப்பை அழுத்திப் பிடிக்க நன்னீர் இருக்காது. குளம் தூர்வாருவதற்குக் கமநல சேவை நிலையத்தோடு பேச வேண்டும். கூரை நீரை நிலத்துக்குள் இறக்குவதற்கு உங்கள் வளவே போதும்; மலசலகூடக் குழியிலிருந்து தள்ளி இறக்குங்கள்.

தயவுசெய்து கிணற்றை ஆழப்படுத்த வேண்டாம். சவர்க்கிற கிணற்றை ஆழப்படுத்துவது உப்புநீரைக் கைகொடுத்து அழைப்பது. அதை மறுபடி நன்னீர்க் கிணறு ஆக்குவது மிகக் கடினம். ஒரு மாரி நன்றாகப் பெய்தும் சவர் இறங்காவிட்டால் நீர்வளச் சபையின் நிபுணர் பார்க்க வேண்டும்.

அறிகுறி 5: நீரில் எண்ணெய்ப் படலம், மண்ணெண்ணெய் மணம்

மற்ற அறிகுறிகளில் வீட்டிலேயே செய்ய நிறைய இருக்கிறது. இதில் மிகக் குறைவு. ஒரு குச்சியால் படலத்தைக் கிளறுங்கள். கண்ணாடித் தகடுபோல் துண்டு துண்டாக உடைந்து தனித்தனியே நின்றால் அது பெரும்பாலும் இரும்புப் பற்றீரியா. சுழன்று மறுபடி ஒன்றுசேர்ந்தால் எண்ணெய்.

உங்கள் பம்பியில் ஒழுக்கு இருக்கிறதா, மண்ணெண்ணெய்க் கலன் கிணற்றடியில் வைக்கப்பட்டிருக்கிறதா, பக்கத்தில் வாகனம் திருத்துமிடம் பழைய எண்ணெயை மண்ணில் ஊற்றுகிறதா என்று மட்டும் பாருங்கள். இவை இல்லையென்றால், அல்லது இரண்டு கிணறுகளில் ஒரே நேரத்தில் தெரிந்தால், அன்றே குடிப்பதையும் சமைப்பதையும் நிறுத்திவிட்டுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் எழுத்தில் அறிவியுங்கள். கிணற்றை இறைத்துக் கழுவ வேண்டாம். எண்ணெய் இன்னும் உள்ளே இழுபடும், சாட்சியமும் போய்விடும்.

சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்தது 2014, 2015இல் பெரும் பிரச்சினையாக வெடித்தது. மக்கள் பவுசர் நீருக்கு வரிசையில் நின்றார்கள். 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்துமாறு மின்நிலைய நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. எனவே முதல் நாளிலிருந்தே திகதி எழுதி மாதிரி எடுத்து வையுங்கள்.

கோளாறு அல்லாதது: கேத்தலில் வெள்ளைப் படிவு

சுண்ணாம்புக்கல் நீர் என்றால் படியத்தான் செய்யும். தேசிக்காய்ச் சாற்றில் ஊறவைத்துத் தேயுங்கள்.

காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் அது அடுத்த வளவில் இருக்கிறது

மேலேயுள்ள எல்லா வழிகளும் கடைசியில் இங்கேதான் வந்து முட்டுகின்றன. காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் எழுதப்பட்டிருக்கும். கிணற்றைச் சுற்றியுள்ள மண்ணில் யார் என்ன செய்யலாம் என்று எழுதப்பட்டதை நான் பார்த்ததில்லை.

முதலில் குற்றம் சொல்லிக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் அளந்து வரைந்த தாளையும் ஆய்வுகூட அறிக்கையையும் எடுத்துக்கொண்டு, பங்காளரில் வயதில் மூத்த ஒருவரோடு போங்கள். அவருடைய கிணற்று நீரையும் சேர்த்துச் சோதித்துக் கொடுங்கள். "அண்ணை, உங்கள் குழி எங்கள் கிணற்றைக் கெடுக்கிறது" என்று தொடங்கினால் வேலி அடைபடும். "உங்கள் கிணற்றிலும் இதே அளவு வந்திருக்கிறது" என்று தொடங்கினால் கதிரை போடுவார்.

பணம்தான் தடை என்றால் கசியாத தொட்டிச் செலவில் பங்காளர்கள் பங்கு போடுங்கள். கிணறு ஆழப்படுத்த எல்லோரும் பணம் போடுகிறோம். அடுத்த வளவுத் தொட்டிக்குப் போடும் பணம் அதைவிட நன்றாக நம் நீரைக் காக்கும்.

மனம்தான் தடை என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழையுங்கள். சுகாதாரக் கேட்டை அகற்றுமாறு அறிவித்தல் கொடுக்கவும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவும் அவருக்கு அதிகாரம் உண்டு. புதிய வீடு கட்டப்போகும் காணி என்றால் அத்திவாரம் வெட்டும் முன்பே, கட்டட வரைபடம் பிரதேச சபையின் அனுமதிக்குப் போகும்போது, சுற்றியுள்ள கிணறுகள் அதில் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று கேளுங்கள். குறிக்கப்படாவிட்டால் உங்கள் தாளின் பிரதியை இணைத்து ஆட்சேபம் கொடுத்து, கொடுத்ததற்குத் திகதியிட்ட பற்றுச்சீட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள்.